சாகாத நகல் கொக்குவிலுக்கு வந்தால்: அறிவியல் புனைகதை எழுத முழுமையான வழிகாட்டி

வேற்றுக்கிரகத்தார் ஒரு மனிதனை அச்சுப்பிசகாமல் நகலெடுத்து, சாவே இல்லாதபடி செய்து, திரும்ப ஊருக்குள் விட்டுவிடுகிறார்கள். அறிவியல் புனைகதையில் இது அடிபட்ட விதைதான். ஆனாலும் யார் கையில் எடுத்தாலும் முளைக்கும். முளைத்தபின் வாடுவதற்குக் காரணம் ஒன்றே. சாகாதவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டால், பிறகு யார் துவக்கை நீட்டினாலும் அவர் கொட்டாவிதான் விடுவார்.

யாழ்ப்பாணத்தில் நடப்பதாக அப்படி ஒரு கதை எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: சாகாத ஆள் ஒருவன் வந்து நின்றால் ஊரில் எந்தெந்தக் கணக்கு முடியாமல் இழுபடும் என்று பாருங்கள். கதை அங்கே கிடக்கிறது. எங்கள் ஊரில் சாவுக்கு எத்தனை கணக்கு! காடாத்து (சாம்பல் அள்ளுதல்), எட்டுச் சடங்கு, அந்தியேட்டி, கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம், திவசம், அதற்குப் பிறகு காணி உறுதி, ஓய்வூதியம். விண்கலத்தை ஒரு பத்தியில் முடித்துவிட்டு இவற்றுக்கு வந்துவிடலாம். ஆனால் அந்த ஒரு பத்தி சரியாக இருக்க வேண்டும். ஆகவே முதலில் அறிவியல்.

படி 1: நகல் எடுத்த விதத்தை முடிவு செய்யுங்கள்

நகல் என்றதும் குளோனிங் ஞாபகம் வரும். அது வேண்டாம். 1996 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த டொலி என்ற செம்மறியாடு, 277 முயற்சிகளில் தேறிய ஒரேயொரு குட்டி. ஆம், குட்டி. குளோன் செய்தால் கையில் கிடைப்பது ஒரு பச்சைக் குழந்தை. அதற்குப் பழைய நினைவும் இல்லை, பழைய கைரேகையும் இல்லை. ரேகை கருப்பைக்குள் உருவாகிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குக்கூட அது ஒன்றாக இருப்பதில்லை.

நமக்கு வேண்டியது உடலை அப்படியே வாசித்து, அப்படியே மறுபடி கட்டுவது. மூளையில் மட்டும் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றுக்கிடையிலான இணைப்புகளோ கோடி கோடி என்ற அளவில். நினைவு தங்குவது பெரும்பாலும் அந்த இணைப்புகளிலும் அவற்றின் வலுவிலும்தான். பௌதிகம் படித்த வாசகர் ஒருவர் கட்டாயம் கையை உயர்த்துவார்: தெரியாத ஒரு குவாண்டம் நிலையைத் துல்லியமாகப் பிரதியெடுக்க முடியாது என்று 1982 இலேயே நிறுவிவிட்டார்களே? உண்மைதான். ஆனால் ஒரு மனிதனை நகலெடுக்க அவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. கொஞ்சம் கரடுமுரடான பிரதி போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரடுமுரடு உங்களுக்கு நன்மைதான். ஏட்டுச் சுவடியை நினைத்துப் பாருங்கள். ஓலை சில நூற்றாண்டில் இற்றுப்போகும். யாரோ பார்த்துப் புது ஓலையில் எழுதியதால்தான் பாட்டு மிஞ்சியது. எழுதியவர் கை தவறிய இடத்தில் பாடபேதம் வந்தது. உங்கள் நகலுக்கும் இரண்டு மூன்று பாடபேதம் வையுங்கள். இடது புருவத் தழும்பு இருக்கும், அது எப்படி வந்தது என்ற நினைவு இராது. அல்லது மகளின் பெயர் தெரியும், வீட்டில் கூப்பிடும் பெயர் நாவில் வராது. இரண்டு மூன்றுக்கு மேல் போகாதீர்கள். போனால் ஆள் நோயாளியாகிவிடுவார்.

பொருளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். 60 கிலோ உடம்பு என்றால் சுமார் 39 கிலோ ஒட்சிசன், 11 கிலோ காபன், 6 கிலோ ஐதரசன், ஏறக்குறைய 2 கிலோ நைதரசன், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய கல்சியம், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் பொசுபரசு. இவை எங்கிருந்து வந்தன? விண்கலத்தில் ஏற்றி வந்தார்கள் என்று சொல்வது சோம்பல். ஊரிலிருந்தே எடுக்கட்டும். எப்படி என்று படி 4 இல் சொல்கிறேன்.

படி 2: ஆளையும் ஆண்டையும் பொருத்துங்கள்

ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரை வேற்றுக்கிரகத்தார் கொண்டுபோனதாக எழுதாதீர்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் படத்தைக் கையில் ஏந்தி வீதியில் இருக்கின்றன. அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இந்தப் பூமியில்தான் இருக்கிறார்கள். வானத்தைக் காட்டுவது அவர்களுக்குத் தப்ப வழி செய்து கொடுப்பதாகும்.

மாறாக, எப்படி இறந்தார் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை எடுங்கள். நான் ஒரு மாதிரியைக் கட்டித் தருகிறேன், பிடித்தால் பாவியுங்கள். யாழ்ப்பாண நகரை அடுத்த கொக்குவிலில் ஒரு ஆசிரியர். பிறந்தது 1963. மனைவி, 1989 இல் பிறந்த மகள், 1993 இல் பிறந்த மகன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் இராணுவம் நெருங்கி வர, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமமே பெயர்ந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடக்கிறது. செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம், மழை, சைக்கிள் கரியரில் சூட்கேஸ், தோளில் பிள்ளை. அந்த நெரிசலில், பாலத்தடியில், வேற்றுக்கிரகத்தார் அவரை வாசித்துக்கொள்கிறார்கள். தொட்டதாகக்கூடத் தெரியாது. அவர் நடந்து போய்விடுகிறார். மூன்றாம் நாள் கொடிகாமத்தில் காய்ச்சலில் இறக்கிறார். அங்கேயே எரிக்கிறார்கள்.

இந்த மூன்று நாள்தான் கதையின் முதுகெலும்பு. நகலுக்குப் பாலம் வரை நினைவு இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாளில் அவர் என்ன சொன்னார், யார்மீது கோபப்பட்டார், கடைசியாக எதைக் கேட்டார் என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். கணவர் என்று ஒருவர் வந்து நிற்கும்போது, கணவரைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்று மனைவியின் கையில் இருக்கிறது. சொல்வாரா? எப்போது சொல்வார்? இந்த ஒரு கேள்வியே உங்களைப் பாதிக் கதை இழுத்துக்கொண்டு போகும்.

வானத்தையும் பார்த்துவிடுங்கள், பஞ்சாங்கம் தெரிந்த வாசகர் சும்மா விடமாட்டார். 1995 ஒக்டோபர் 24 அமாவாசை. அன்று சூரிய கிரகணம்கூட. ஆகவே 30 ஆம் திகதி இரவு வளர்பிறை அரைநிலா, அதுவும் நடுச்சாமத்தோடு மறையும். முழுநிலா வெளிச்சத்தில் பாலத்தைக் கடக்க வைத்துவிடாதீர்கள்.

நகல் ஊருக்கு வரும் ஆண்டை 2018 என்று வைக்கிறேன். அவருக்கு 32 வயதுத் தோற்றம், மனைவிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, மகனுக்கு 25. 1990 இல் நின்றுபோன ரெயில் 2014 இல் மறுபடி யாழ்ப்பாணம் வந்துவிட்டது. கொக்குவில் ஸ்ரேசனில் கோச்சி கூவும் சத்தத்தைக் கேட்டு அவர் அப்படியே நிற்கட்டும். இரவு விறாந்தை லைட்டை யாராவது நிறுத்த மறந்தால் எழும்பிப் போய் நிறுத்தட்டும். ஜாம் போத்தலில் சிக்கன விளக்குக் கொளுத்தி, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோக் கேட்ட காலத்திலிருந்து நேரே வந்தவர் அவர். இப்படி ஒரு கைப்பழக்கம் பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம்.

படி 3: அவர்கள் யார், ஏன் வந்தார்கள்

வேற்றுக்கிரகத்தாரின் தோற்றத்தை வருணிக்காதீர்கள். எத்தனை கண் என்று சொன்ன நிமிடமே கதை சிறுவர் பக்கத்துக்குப் போய்விடும். அவர்களுக்கு வேண்டியது ஒரு நோக்கம்.

எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. 1977 இல் நாசா ஏவிய இரண்டு வொயேஜர் விண்கலங்களிலும் பொன் முலாம் பூசிய ஒரு இசைத்தட்டு இருக்கிறது. அதில் 55 மொழிகளில் வாழ்த்து. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. சூரியக் குடும்பத்தின் ஓரத்தில் காத்திருந்த ஏதோ ஒரு கருவி அந்தத் தட்டை வாசித்துவிட்டு இலங்கைக்கு வந்ததாக வையுங்கள். அதற்குத் தெரிந்த உள்ளூர் வாசகம் தட்டில் உள்ள சிங்கள வாழ்த்து ஒன்றுதான்: ஆயுபோவன். நீண்ட ஆயுள் உண்டாகட்டும். இங்கே சந்திப்பவர்களுக்குச் செய்ய வேண்டிய உபகாரம் இதுதான் போலும் என்று அது சொல்லுக்குச் சொல் நம்பிவிடுகிறது!

இப்போது அந்தப் பாலத்துக்கு வாருங்கள். 1995, இருட்டு, மழை, பின்னால் ஷெல் சத்தம். காதுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களக் குரல். அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? அவரைப் பயத்தில் நடுங்க வைத்தது ஒரு வாழ்த்து. இதை விளக்க வேண்டாம். குரலை மட்டும் எழுதுங்கள். தட்டைப் பற்றி நாற்பது பக்கம் கழித்துச் சொன்னால் போதும்.

இன்னொரு நோக்கம் வேண்டுமென்றால் 1981 க்குப் போகலாம். யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கருவி, இந்த ஊரில் எதற்கும் ஒரு பிரதி எடுத்து வைப்பதே உத்தமம் என்று முடிவு செய்திருக்கலாம். ஏடுகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த சிறுப்பிட்டி, அடுத்த படியில் வரும் கிணற்றுக்குக் கிட்டத்தான் இருக்கிறது என்பது உங்களுக்கு இனாம்.

படி 4: அச்சடிக்கும் இடம்

நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறுதான். வேறு இடம் தேட வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துக் கடல் சுண்ணக்கல். மழைநீர் அரித்து அரித்து உள்ளே பொந்தும் குகையுமாக இருக்கிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு நமக்குக் கிடையாது, எல்லாத் தண்ணீரும் நிலத்தடியில்தான். உவர்நீரின்மேல் நன்னீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது ஒரு பொதுக் கணக்கு. நிலாவரையிலும் மேலே நன்னீர், கீழே போகப் போக உப்பு. இங்கே போட்ட எலுமிச்சங்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஊரில் ஒரு கதை. இராமர் அம்பு எய்த கதையும் உண்டு.

ஒட்சிசனும் ஐதரசனும் தண்ணீரில், கல்சியம் கல்லில். காபனும் அதே சுண்ணக்கல்லில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதை எடுக்காதீர்கள், பனங்கூடலிலிருந்து எடுங்கள். காரணம் படி 8 இல் வரும். பொசுபரசுக்கு மீன்முள், கருவாடு காயும் கரை தூரமில்லை. பத்திரகாளி கோயில் திருவிழாவில் ஆடு காணாமல் போகிற மாதிரி, அக்கம்பக்கத்தில் நாலு கூடை முள் காணாமல் போகட்டும். வாசகர் பிறகு சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

படி 5: எந்தச் சாகாமை

அவசரப்பட வேண்டாத இடம் இது. சாகாமையில் மூன்று வகை உண்டு. எதைத் தெரிகிறீர்களோ அதுதான் உங்கள் கதை.

முதல் வகை மூப்பில்லாதவர். நம் உடலணுக்கள் ஏறக்குறைய நாற்பது முதல் அறுபது தடவை பிரிந்தபின் நின்றுவிடும் என்று 1961 இல் ஹேஃப்ளிக் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனி தேய்கிறது. அந்த நுனியைத் திரும்ப வளர்க்கும் நொதியம் டெலோமரேஸ். நுனியும் நொதியமும் பற்றிய ஆய்வுக்கு 2009 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நொதியத்தைத் திறந்துவிட்டால் சரிதானே என்றால், சரியில்லை. புற்றுநோய் அணுக்களில் பெரும்பாலானவை செய்வதும் அதையேதான். ஆகவே புற்றைத் தடுக்கும் வழியையும் அவர்கள் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். மூப்பு நின்றாலும் விபத்து நிற்காது. ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு ஆபத்து என்று வைத்தால், அப்படிப்பட்டவர்களில் பாதிப்பேர் 693 ஆண்டுக்குள் போய்விடுவார்கள். ஏ9 வீதியில் ஹெல்மெட் இல்லாமல் ஓடினால் இன்னும் கெதியாக.

இரண்டாம் வகை, வெட்டினாலும் ஒட்டிக்கொள்பவர். சினிமாவுக்கு விட்டுவிடுங்கள்.

மூன்றாம் வகைதான் என் தெரிவு. அவருக்கு மூப்பும் உண்டு, சாவும் உண்டு. ஆனால் செத்தால் நிலாவரை மறுபடி அச்சடிக்கும். எந்த மூலத்திலிருந்து? 1995 ஒக்டோபர் 30 இரவு வாசித்த அதே மூலத்திலிருந்து. ஆகவே திரும்பி வருபவருக்குப் பாலம் வரைதான் நினைவு. 2018 இல் வந்து, மனைவியோடு பழகி, மருமகனோடு சண்டை பிடித்து, பேரப்பிள்ளைக்குச் சைக்கிள் ஓடப் பழக்கி, 2025 இல் டெங்குவில் செத்தார் என்றால், அந்த ஏழு ஆண்டும் துடைத்த மாதிரிப் போய்விடும். அடுத்த கிழமை அதே ஒழுங்கையில், அதே நனைந்த சேட்டோடு, 32 வயதில் நிற்பார். பிள்ளைகள் எங்கே என்று கேட்பார். 1993 இல் பிறந்த மகனுக்கும் இப்போது 32.

கவனியுங்கள், இங்கே சாகாமை அவருக்குப் பாரமே இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் புத்தம் புதிதாக வருகிறார். பாரம் முழுக்க வீட்டிலிருப்பவர்கள்மீது. ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்: நீங்கள் செத்துவிட்டீர்கள், உங்கள் அம்மாவும் போய்விட்டா, சண்டை முடிந்துவிட்டது, இப்படித்தான் முடிந்தது. யார் சொல்வது? முதல் தடவை மனைவி சொன்னார். இரண்டாம் தடவை அவருக்குத் தெம்பில்லை.

படி 6: கடதாசிகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதை முதலில் சொல்ல வேண்டியவர் விதானையார். இப்போது கிராம அலுவலர் என்கிறோம், ஆச்சிமாருக்கு இன்னும் விதானையார்தான். உங்கள் நகலை அங்கே அனுப்புங்கள்.

பிரச்சினை ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2016 முதல் கொடுக்கும் தேசிய அடையாள அட்டை இலக்கம் பிறந்த ஆண்டோடு தொடங்குகிறது, அவருடையது 1963. முகமோ 32. சோதனைச்சாவடியிலோ வங்கியிலோ அட்டையை நீட்டினால், மகனுடையதை எடுத்து வந்துவிட்டீர்களா தம்பி என்று கேட்பார்கள். மரணம் பதிந்திருக்கிறதா? இடம்பெயர்வுக் கலவரத்தில் எத்தனையோ மரணங்கள் பிந்தித்தான் பதிவாகின. பதிந்திருந்தால் அவர் சட்டப்படி இல்லை. பதியாவிட்டால் சட்டப்படி இன்னும் இருக்கிறார், ஆனால் பிள்ளைகள் செய்த காணிக் காரியங்கள் ஆட்டம் காணும். இரண்டில் ஒன்றைத் தெரிந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

காணி என்றதும் தேசவழமை வந்துவிடும். ஒல்லாந்தர் 1707 இல் ஏட்டில் ஏற்றிய சட்டம், இன்றும் நடைமுறையில் உள்ளது. முதுசம் (வழிவழி வந்த சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (மணமானபின் தேடியது) என்ற மூன்று பிரிவும் யாராவது இறப்பார்கள் என்ற நம்பிக்கையில் நிற்பவை. அவருடைய முதுசக் காணி பிள்ளைகளுக்கு இறங்கி, மகளின் சீதனத்தில் போய், அதில் மருமகன் மேல்மாடியும் எழுப்பிவிட்டார். இப்போது சொந்தக்காரர் படலையைத் திறந்துகொண்டு வருகிறார். அந்த மருமகனை வில்லனாக்காதீர்கள். அவர் வெளிநாட்டில் பனியில் நின்று உழைத்த காசு அந்தச் சுவரில் இருக்கிறது. மாமா என்று கூப்பிட்டுக் கதிரை இழுத்துப் போடுவார், ஆனால் உறுதியை எங்கே வைத்தோம் என்று இரவு மனைவியைக் கேட்பார்.

நான் எல்லாவற்றிலும் மேலாக மதிப்பது ஓய்வூதியம். ஆசிரியர் இறந்ததால் மனைவிக்கு விதவை ஓய்வூதியம் வருகிறது. அவர் ஒவ்வோராண்டும் தான் உயிரோடு இருப்பதாக உயிர்வாழ் சான்றிதழில் கையொப்பம் வைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் கணவர்தான் என்று ஏற்றால் அவர் விதவை இல்லை, பணம் நின்றுவிடும். மறுத்தால் யாரோ ஒரு இளந்தாரியோடு ஒரே வீட்டில் இருக்கிறா என்று ஊர் கதைக்கும். மாதம் முடிகிறபோது அரிசி வாங்க வேண்டும். இந்த இக்கட்டை எந்த வேற்றுக்கிரகத்தாரும் முன்கூட்டி யோசித்திருக்க மாட்டார்கள்.

படி 7: சடங்கு

நம் மரபுக்கு நகல் புதிதல்ல. சூரியனின் மனைவி சமுக்ஞை தன் நிழலைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனாள். அந்தச் சாயைக்குப் பிறந்தவர்தான் சனி. மூலன் என்ற இடையன் உடம்பில் புகுந்த சிவயோகியார் திருமூலரானார். மாடுகளை வீடு கொண்டுபோய் விட்டபின், மூலனின் மனைவி தொட வந்தபோது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகினார். அவள் ஊராரிடம் போய் முறையிட்டாள். இந்தக் கதைகளைப் பாத்திரங்கள் தாங்களாகவே நினைக்கட்டும். கோயில் மடத்தில் ஒரு வயசாளி திருமூலர் கதையை எடுத்துவிட்டால் போதும், தத்துவ விசாரம் முழுவதும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

சடங்கில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் பொருள் கல்வெட்டு. 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் அந்தச் சிறு புத்தகத்தில் தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, இறந்த மாதமும் பட்சமும் திதியும் சொல்லும் திதி வெண்பா எல்லாம் இருக்கும். 1995 இல் அச்சுக்கு எங்கே போவது? குடும்பம் திரும்பி வந்தபின் ஆட்டத் திவசத்துக்கு அடித்ததாக வையுங்கள். நகல் அலுமாரியில் அதை எடுத்து வாசிக்கிறார். ஐப்பசி வளர்பிறையில் தான் சிவபதம் அடைந்ததாக ஒரு வெண்பா. ஆசிரியர் அல்லவா, மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்.

அடுத்தது ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகள் விரதம் இருந்து கீரிமலையில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்யும் நாள். அன்றைய சமையலில் காத்தோட்டிக்காய் கட்டாயம். அந்தக் கைப்பு நாக்கில் ஒரு நாள் நிற்கும். நகல் வந்த முதல் ஆடியில் குசினியில் நடப்பதை நான் இப்படி எழுதுவேன்:

மகன் கடகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றான்.

"அம்மா, சந்தைக்குப் போறன். இந்தமுறை காத்தோட்டிக்காய் வாங்கிறதோ?"

தாய் திருவலையில் இருந்து எழும்பவில்லை. தேங்காய்ப்பூ தட்டில் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"கொப்பாவைக் கேள்."

விறாந்தையில் பேப்பர் மடிக்கும் சத்தம்.

"வாங்கு தம்பி," என்றது குரல். "விலையைப் பார்த்து வாங்கு."

இதற்குமேல் ஒரு வரியும் சேர்க்க மாட்டேன். நீங்களும் சேர்க்காதீர்கள். அவள் அவரை ஏற்றுக்கொண்டாளா என்று பாத்திரங்கள் உட்கார்ந்து விவாதிக்கத் தொடங்கினால் அந்தக் குசினி பாழ்.

2025 இல் முதல் நகல் இறக்கும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது: அவருக்கு எட்டும் அந்தியேட்டியும் உண்டா? ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். இரண்டும் முன்பே ஒருமுறை கொடுத்தவை. துடக்குக் காத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு, எட்டு முடியுமுன்னே, அவரே நடந்து வந்துவிட்டால்? இந்தக் காட்சி நகைச்சுவையாகவும் போகலாம், வயிற்றைப் பிசையவும் செய்யலாம். இரண்டும் ஒன்றாக வந்தால் நீங்கள் நல்ல எழுத்தாளர்.

படி 8: பல்

நகல் என்பதற்கு ஒரு ஆதாரம் எங்கோ வேண்டும். மரபணுப் பரிசோதனை உதவாது, அச்சொட்டாக ஒத்துவிடும். கைரேகையும் ஒத்துவிடும். பல்லுக்குப் போங்கள்.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் காபன்-14 (காபனின் கதிரியக்க வகை) ஏறக்குறைய இரட்டிப்பானது. 1963 உடன்படிக்கைக்குப் பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. பல் எனாமல் ஒருமுறை உருவானால் மாறாது. அது உருவான ஆண்டின் காபன் அதிலேயே தங்கிவிடும். இதை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணிக்கும் முறை 2005 இல் வெளியானது. 1963 இல் பிறந்த அசல் ஆசிரியரின் கடைவாய்ப்பல்லில் அந்த உச்ச அளவு இருந்திருக்க வேண்டும்.

நகலைக் கட்டியவர்கள் தனிமத்தைப் பார்த்தார்கள், அதே தனிமத்தின் எடை வேறான வகையை, அதாவது ஐசோடோப்பைப் பார்க்கவில்லை என்று வையுங்கள். 2018 இன் பனையோலையிலிருந்து காபன் எடுத்திருக்கிறார்கள். அதற்குள் காற்றில் காபன்-14 சோதனைக்கு முந்தைய அளவுக்குக் கிட்ட இறங்கிவிட்டது. ஆகவே ஆய்வுகூட அறிக்கை சொல்லும்: இந்த ஆள் 1955 க்கு முன் பிறந்தவர். முகத்தில் 32, அட்டையில் 55, பல்லில் அறுபதுக்கு மேல். சுண்ணக்கல்லில் இருந்து காபன் எடுக்க வேண்டாம் என்றேனே, அது இதற்குத்தான்; பல பத்து இலட்சம் ஆண்டுப் பழைய கல்லில் காபன்-14 துளியும் இராது, அறிக்கை கேலிக்கூத்தாகிவிடும்.

அதே பல்லில் ஸ்ரொன்சியத்தின் இரண்டு ஐசோடோப்புகளுக்கு (87, 86) இடையிலான விகிதமும் பார்க்கலாம். அது ஒருவர் வளர்ந்த மண்ணின் பாறையைக் காட்டும். கடல் சுண்ணக்கல்லில் அது 0.709 க்குக் கிட்ட, வன்னியின் பழம்பாறைகளில் அதைவிடக் கூடவாக இருக்கும். நிலாவரைக் கல்லாலும் தண்ணீராலும் கட்டிய பல் சொல்வது: ஆள் இந்த ஊர்தான், சந்தேகமே இல்லை. காலம்தான் இடிக்கிறது. பல் விழ ஒரு சைக்கிள் விபத்து, ஆய்வுக்கு அனுப்ப கனடாவில் ஒரு மச்சான், அவ்வளவும் போதும்.

படி 9: பேச்சு

உரையாடல் யாழ்ப்பாணப் பேச்சில், விவரிப்பு எழுத்துத் தமிழில். மனைவி "இஞ்சாருங்கோ" என்று தொடங்குவார். தம்பி, தன்னைவிட இளமையாய்த் தெரிபவரை "அண்ணை" என்று கூப்பிட முதல் நாள் நாக்குத் திரும்பாமல் நிற்பார். நகல் 1995 இன் பேச்சைப் பேசட்டும். வேறு விசேஷம் செய்ய வேண்டாம்.

படி 10: எங்கே நிறுத்துவது

விண்கலம் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோவதாக முடிக்காதீர்கள். அவர் நிலாவரையில் குதித்து அச்சு இயந்திரத்தை உடைப்பதாகவும் வேண்டாம். அது எழுத்தாளருக்குக் களைப்பு வந்ததன் அடையாளம். முடியாமல் இழுபட்ட கணக்குகளில் ஒன்றை மட்டும் யாராவது ஒருவர் முடிக்கட்டும், மற்றவை அப்படியே கிடக்கட்டும். மருமகன் காணியில் பாதியை மாமன் பெயருக்கு எழுத நொத்தாரிசிடம் போகலாம். எந்தப் பெயருக்கு, எந்த அட்டை இலக்கத்துக்கு என்று நொத்தாரிசு கேட்கலாம். அல்லது மனைவி அந்த மூன்று நாளைச் சொல்லத் தொடங்கலாம். இரண்டாம் நகலுக்குத்தான் சொல்ல வேண்டும், முதலாமவருக்கு அல்ல. அவர் ஏழு ஆண்டு கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போனவர். கொடிகாமத்தில் அவர் கடைசியாகக் கேட்டது பெரிய விஷயமாக இருக்கக் கூடாது. கோப்பி, மூக்குக்கண்ணாடி, வீட்டுத் திறப்பு, இப்படி ஏதாவது.

வேலை முறைக்கு வந்தால், குசினிக் காட்சியை முதலில் எழுதுங்கள், பிறகு கிராம அலுவலர் கந்தோர், பிறகு பாலம். நிலாவரை கடைசியில். அறிவியல் பகுதி மொத்தக் கதையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வெட்டுங்கள். எழுதி முடித்ததும் 1995 இல் அந்தப் பாலத்தை நடந்து கடந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். சனம் எந்தப் பக்கம் ஒதுங்கியது, கையில் என்ன இருந்தது, யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று அவர் திருத்துவார். எனாமலில் கை வைக்க மாட்டார். அதற்கு உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டிலேயே இருக்கும்.